வென்ற படைக்குச் சோறு

சேந்தனின் மகன் கீரன் கடலுக்கு அப்பால் போருக்குப் போயிருந்தான். யாருடைய நாடு, என்ன சண்டை என்றெல்லாம் சேந்தனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அரண்மனையில் இருந்தார்கள். அவர்கள் யாரும் கப்பல் ஏறவில்லை.

மனைவி இறந்தபின் குருவிடம் சீடனாக வந்து சேர்ந்தவன் சேந்தன். கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் மகன்தான் வந்து நிற்பான்.

அன்று துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. நம் படை பிடித்த கோட்டையை எதிரி சுற்றி வளைத்துவிட்டான். உள்ளே அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. இங்கே துறையில் அரிசி ஏற்றிய கப்பல்கள் சும்மா நின்றன. புயல் பருவத்துக்கு முன் கிளம்பினால்தான் உண்டு. விட்டால் கடல் மூடிவிடும்.

“என் பிள்ளை பிழைப்பானா, குருவே? நாம் ஜெயிப்போமா?”

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “எழுந்து வா.”

அரண்மனை முற்றத்தில் மன்னர் யானைக்கு முகபடாம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். சிவப்பா மஞ்சளா என்பதில் மனிதருக்கு அப்படியொரு தவிப்பு. வெற்றி ஊர்வலம் நெருங்கிவிட்டதே!

“நல்ல வேளை வந்தீர்கள், சுவாமி. எது எடுப்பாக இருக்கிறது?”

“துறையில் அரிசிக் கப்பல்கள் நிற்கின்றனவாமே, மன்னா?”

மன்னரின் முகம் சுருங்கியது. “அதை ஏன் கேட்கிறீர்கள்! கோட்டையைப் பிடித்த சூட்டில், போரில் வென்றுவிட்டோம் என்று முரசறைந்தாகிவிட்டது. இப்போது அரிசி அனுப்பினால், வென்ற படைக்கு ஏன் சோறில்லை என்று ஊர் கேட்காதா?”

“கேட்கும்.”

“திரும்பி வரச் சொன்னால், வென்றவர்கள் ஏன் ஓடி வருகிறார்கள் என்று கேட்கும்.”

“அதையும் கேட்கும்.”

“அதனால்தான் சொல்கிறேன், ஊர்வலம் முடியட்டும். பிறகு சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம்.”

“அதற்குள் புயல் பருவம் வந்துவிடுமே.”

மன்னர் கெட்டவரில்லை. ஒரு கணம் அவர் கண் கலங்கக்கூடச் செய்தது. அதற்குள் சேவகன் ஒருவன் மஞ்சள் துணியை வெயிலில் விரித்துப் பிடித்தான்.

“மஞ்சளே இருக்கட்டும்” என்றார் மன்னர்.

சேந்தன் அவர் காலில் விழுந்தான். “மகாராசா, என் மகன் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறான்!”

“கொடுத்து வைத்தவனப்பா நீ!” மன்னர் குனிந்து அவனைத் தூக்கிவிட்டார். “ஊர்வலத்தில் யானைக்குப் பக்கத்திலேயே உனக்கு இடம் தரச் சொல்கிறேன்.”

இருவரும் வெளியே வந்தார்கள். தெருவில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், சேந்தனுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“கீரன் கோழையில்லை, குருவே. படைத்தலைவரும் கெட்டிக்காரர். போர் இன்னும் நடந்துகொண்டுதானே இருக்கிறது?”

குரு ஒரு தோரணத்துக்கு அடியில் குனிந்து நடந்தார்.

“முடிந்துவிட்டது, சேந்தா. அங்கே சண்டை போடுகிறவர்களுக்குத்தான் இன்னும் தெரியாது.”