நல்ல நேரத்து மணி

முன்னொரு காலத்தில், ஆற்று நடுவே கோட்டை கட்டி ஆண்ட ஒரு ராஜாவிடம் அழகேசன் என்று ஒரு சோதிடன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டான்.

அப்பேர்ப்பட்டவனைத் தேடி ஒரு மந்திரவாதி வந்தான். கயிறில்லாமல், கொக்கியில்லாமல், கூடத்தில் முழங்கால் உயரத்தில், அந்தரத்தில் ஒரு வெண்கல மணியை நிறுத்தினான்.

"உன் நல்ல நேரம் வந்ததும் இது தானே அடிக்கும். அப்புறம் தொட்டதெல்லாம் சந்தோஷம். அதற்குமுன் சந்தோஷப்பட்டாயோ, எல்லாம் சாம்பல்!"

அழகேசன் தள்ளிப்போடும் சந்தோஷமெல்லாம் மந்திரவாதியின் ஆயுளில் சேரும் என்பதை மட்டும் அந்தப் பாவி சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. மனைவி செங்கமலம் கேட்டாள்: "புதுவெள்ளம் வந்திருக்காம். புளிச்சோறு கட்டிக்கிட்டுப் போய்ப் பார்ப்போமா?"

"மணி அடிக்கட்டும்."

மகள் வடிவு கேட்டாள்: "வேப்பமரத்துல ஊஞ்சல் கட்டித் தாங்கப்பா."

"மணி அடிக்கட்டும்."

துள்ளி என்ற அவர்கள் வீட்டு நாய் ஒரு கொட்டாங்கச்சியைக் கவ்வி வந்து அவன் காலடியில் போட்டு வாலாட்டியது.

"மணி அடிக்கட்டும்."

மனைவியும் மகளும் கேட்பதை விட்டுவிட்டார்கள். துள்ளி விடவில்லை. அதற்கு ராகுகாலமும் ஒன்றுதான், எமகண்டமும் ஒன்றுதான். பழைய சோற்றுக்கும் விருந்துக்குக் குதிப்பதுபோல் குதிக்கும்.

ஏழு ஆடி போனது. செங்கமலம் படுக்கையில் விழுந்தாள்.

"வெள்ளம் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"நீங்களாவது போய்ப் பார்த்தீங்களா?"

அழகேசன் மணியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு திறக்கவேயில்லை.

வடிவு கல்யாணமாகிப் போனாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

துள்ளிக்கும் வயதாகி, பின்னங்கால் இழுத்தது. ஒருநாள் அது போட்ட கொட்டாங்கச்சி உருண்டு மணிக்கு அடியில் போனது. துள்ளி பாய்ந்தது, மணியில் இடித்தது. டணங்! மணி தரையில் விழுந்தது. எங்கோ அந்த மந்திரவாதி சாம்பலானான்.

"அடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு அழகேசன் அதை எடுத்துப் பார்த்தான். உள்ளே நாக்கே இல்லை. இத்தனை வருஷமும் இருந்ததில்லை.

அவன் வாய்விட்டு அழுதான். துள்ளி அவன் முகத்தை நக்கியது, கொட்டாங்கச்சியை மடியில் வைத்தது. முதல்முறையாக அவன் அதை வீசினான்.

ராகுகாலத்திலேயே துள்ளியோடு மகள் ஊருக்குக் கிளம்பினான்.

"என்னப்பா, மணி அடிச்சிருச்சா?" என்றாள் வடிவு.

"அதுக்கு நாக்கே இல்லம்மா. நான் ஒருநாளும் குனிஞ்சு பார்க்கல."

"அம்மா பார்த்தாங்கப்பா. தினமும் கூடம் பெருக்கினவங்களாச்சே. உங்களுக்குன்னு இருந்த ஒரே நம்பிக்கை அது, உடைக்க மனசு வரலன்னு போறப்ப எங்கிட்ட சொன்னாங்க."

அழகேசன் கயிறு கேட்டான். வடிவு கொடுத்தாள்.

வாசல் மரத்தில் ஊஞ்சல் கட்டினான். ஆனால் வடிவு வளர்ந்துவிட்டாளே. அவள் உட்காரவில்லை.

துள்ளிதான் நொண்டிக்கொண்டே ஏறி உட்கார்ந்து வாலாட்டியது. மந்திரம் உடைந்த கதை இவ்வளவுதான். அழகேசன் ஊஞ்சலை ஆட்டினான்.