அதிகாரியின் புத்தகமும் மாதா கோயில் வாசலும்

ஊரில் உள்ள பெருமாள் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட ஏற்பாடாகியிருந்தது. கல்வி அதிகாரி தணிகாசலம் வந்து அதற்குத் தடை போட்டார்.

“எதுக்கு வெயில்ல அலையணும்? மூணு மதமும் நான் எழுதின இந்தப் புத்தகத்துல இருக்கு. இதுல ஒரு தப்பைக் காட்டுங்க, அனுமதி தர்றேன்!”

பிள்ளைகளின் முகம் வாடியது. வகுப்பைப் பெருக்க வந்த ஆயா செல்லக்கனி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் ஐயா. மாதா கோயில் பக்கத்தை நீங்களே வாசிங்களேன்.”

“காலணியோடு உள்ளே சென்று, பெஞ்சில் அமர்ந்து வழிபடுவார்கள்” என்று அவர் கணீரென்று வாசித்தார்.

“எதிரேதான் கோயில், இப்போ பூசை நடக்கு. புத்தகத்துல உள்ளபடியே ஒரு நடை போயிட்டு வாங்க. அப்புறம் நாங்க வாயைத் திறக்க மாட்டோம்.”

அதிகாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். பிள்ளைகள் ஜன்னலில் மொய்த்தார்கள். கோயில் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே ஒரு பெஞ்சுகூட இல்லை. பாயில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

“ஷூவைக் கழற்றிட்டு வாங்க சார். உட்கார இடம் இருக்கு.”

திரும்பி வந்த அதிகாரி அந்த வரியை அடித்தார். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

“நானும் கூட வரலாமா?” என்று கேட்டார்.

“தாராளமா வாங்க ஐயா” என்றாள் செல்லக்கனி. “நாடா வச்ச ஷூ மட்டும் வேண்டாம். மூணு வாசல்லயும் கழற்றி மாட்டுறதுக்குள்ள பள்ளிக்கூடம் விட்டுரும்.”