பேர் சொல்லாத பேய்

"பேய் பேர் சொல்ல மாட்டேங்குது ஆத்தா," என்றார் பலவேசம்.

இருளாயி தேரிக்காட்டுச் செம்மணலில் கால் நீட்டி உட்கார்ந்து முந்திரிக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரப் பிடிச்ச பேய்?"

"எம் மவள."

பலவேசம் பக்கத்து ஊர்க் கோடாங்கி. உடுக்கை அடித்துப் பேயோட்டுகிறவர். தொழிலை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் இருளாயிதான். அவளுக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அவர் அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

அவர் உடுக்கைச் சத்தம் கேட்டாலே பேய் மூட்டைமுடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பிள்ளையையே பேய் பிடித்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

மகள் பெயர் தவசுக்கனி. வெளியூரில் தங்கிக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஒரு வாரம் வீட்டுக்குள் நடமாடினாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. கேட்டால் பதில் இல்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் பலவேசத்துக்குக் கதி கலங்கிவிட்டது. பிள்ளை கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தார். பயந்ததை வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை.

காலேஜ் டீச்சர் ஒருத்தி வீடு தேடி வந்து, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றாளாம். பலவேசம் அவளை வாசலோடு அனுப்பிவிட்டாராம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைத் தாங்கத் தெரிகிறது, செருப்பில்லாமல் வெயிலில் நடந்து நாங்கள் வளரவில்லையா, எங்கள் மனசுக்கு யார் டாக்டர் வைத்தார்கள் என்று இருளாயியிடமும் ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இருளாயி, "டீச்சர் சொன்னது சரிதான். கூட்டிட்டுப் போ," என்றாள்.

"எம் மவ பைத்தியமில்ல ஆத்தா. இது பேய்தான். உடுக்கை அடிச்சேன், வேப்பங்குழையால அடிச்சேன், ஒண்ணுத்துக்கும் வாயத் தொறக்கல."

முந்திரிக்கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"நாளைக்கு உச்சிப்பொழுதுல இங்க கூட்டிட்டு வா. டாக்டருக்கு அதுக்கு மறுநாள். உடுக்கையும் வேப்பங்குழையும் வீட்லயே கெடக்கட்டும்."

*

உச்சியில் தேரிக்காட்டுக்கு யாரும் வருவதில்லை. எங்கே பார்த்தாலும் சிவப்பு மணல், அங்கங்கே ஒற்றைப் பனை. காற்று மணலை அள்ளி இறைத்துக்கொண்டே இருக்கும்.

பலவேசம் மகளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தார். அவர்கள் நடந்து வந்த தடத்தைக் காணோம்.

இருளாயியின் குடிசையை நெருங்கியபோது காற்று நின்றது. பனையோலைகூட அசையவில்லை.

இருளாயி தவசுக்கனியை நிழலில் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்தாள். பலவேசம் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

கோடாங்கி பேயிடம் கேட்பது மூன்றே கேள்விதான். நீ யார், எங்கே பிடித்தாய், உனக்கு என்ன வேண்டும். கேட்க ஆரம்பித்தால் மூன்றையும் கேட்டு முடித்தாக வேண்டும். நடுவில் விட்டால் எழுப்பிய பேய் அந்த உடம்பிலேயே குடியிருந்துவிடும்.

"யாரு நீ?" காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

தவசுக்கனியின் உதடு பிரிந்தது.

"ஏட்டி, ஊர்ல ஒனக்கு மட்டுந்தான் கஷ்டமா?"

ஆண் குரல். இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பலவேசம் யோசித்தார்.

"மூணு வேளையும் சோறு கெடைக்குல்லா, அந்தக் கொழுப்பு. போய் வேலையப் பாரு. நாலு பேரு கேட்டா நான் என்னட்டி சொல்லுவேன்?"

உடுக்கைக்கு மேலே கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல். அது பலவேசத்தின் குரலேதான்.

"எங்க பிடிச்ச?"

"அடுப்பங்கரையில. அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டு வந்தா. அடுத்த வார்த்தை வாறதுக்குள்ள பிடிச்சிட்டேன்."

மகள் பெட்டியோடு திரும்பி வந்த வாரத்தில் ஒரு காலைப்பொழுது பலவேசத்துக்கு நினைவுக்கு வந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் பின்னால் வந்து நின்றாள். அவர் திரும்பாமலே சொன்ன வார்த்தைகள்தான் இவை. ஒன்றுகூடக் கூடக்குறைய இல்லை.

"இது பேயில்ல ஆத்தா," என்றார். "நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுதா. அவ நல்லதுக்குத்தான சொன்னேன்? எங்கய்யாவும் என்னைய இப்பிடித்தான் வளத்தாரு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

இருளாயி உட்கார்ந்தபடியே அவர் பக்கம் திரும்பினாள்.

"யாரு நீ?"

என்ன கேள்வி இது, பலவேசம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இருமல் வந்தது. பீடி குடித்துக் குடித்து நெஞ்சு காய்ந்தவனின் இருமல். பலவேசம் பீடியைக் கையால் தொட்டதில்லை.

"ஏலே, ஆம்பளப் பிள்ள அழுவானாலே?" என்றது அவர் வாய். "சத்தம் வரப்பிடாது."

ஏட்டி இல்லை, ஏலே. அவரை அப்படிக் கூப்பிட்டு அதட்டிய ஒரே ஆளான அவர் அப்பா, தவசுக்கனி பிறப்பதற்கு முன்பே செத்துப்போனார்.

பலவேசம் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். குரல் விரல் இடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது.

"எங்க பிடிச்ச?" என்றாள் இருளாயி.

"இவன் அம்மையத் தூக்குன அன்னைக்கு. சின்னப் பய. பாடைக்குப் பின்னால அழுதுக்கிட்டே ஓடியாந்தான். வாயப் பொத்திப் பிடிச்சேன்." ஒரு இருமல். "இன்னும் விடல."

பலவேசம் கையை எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. வாயைப் பொத்தியிருப்பது தன் கைதானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

இருளாயி எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

மூன்றாவது கேள்வியை அவள் மகளிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. எத்தனையோ பேரைக் குலைநடுங்க வைத்த கோடாங்கிக்கு இப்போது குலை நடுங்கியது. கேளு ஆத்தா என்று கத்தினார். பொத்திய கைக்குள் அது வெறும் முனகலாகத்தான் கேட்டது.

"அதக் கேக்குத ஆளு நான் இல்ல," என்றாள் அவள். திரும்பிப் பார்க்காமலே மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள்.

தேரிக்காட்டில் அப்பனும் மகளும் மட்டும் இருந்தார்கள். வெயில் அசையாமல் நின்றது.

தவசுக்கனி முழங்காலால் ஊர்ந்து பக்கத்தில் வந்தாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவர் வாயிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவளிடம் அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்ததோ தெரியவில்லை.

"ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை.

இருமல் அடங்கியிருந்தது. பிறகு அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து, மீசை நரைத்த அந்த வாய் வழியாக, பால்பல் விழாத ஒரு பையனின் குரல் வந்தது.

"பயமா இருக்கு."

தவசுக்கனி அவர் கையை விடவில்லை.

"எனக்குந்தாம்ப்பா," என்றாள்.