மூன்றாண்டுச் சலுகையும் ஒற்றைச் சுடரும்

கடல் இப்போதைவிட ஊருக்கு நெருக்கமாக இருந்த காலம் அது. நெடுந்துறை என்றொரு துறைமுகப் பட்டினம் இருந்தது; அதற்கு ஓர் அரசனும் இருந்தான். அந்த ஊருக்கு இழைக்கப்பட்ட தீமைகளை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், கேளுங்கள். வரிசையை மாற்றிச் சொல்பவன் யாரையோ காப்பாற்றப் பார்க்கிறான்.

முதல் தீமை. கலங்கரை விளக்கம் எரிவதற்குப் படகுக்கு ஓர் அகப்பை, கப்பலுக்கு ஒரு குடம் என்று ஆண்டுதோறும் புன்னை எண்ணெய் வரியாக ஊற்றுவது அங்கே வழக்கம். ஒரு புயலில் படகுகள் உடைந்தன. உடைந்த படகுக்கும் அதிகாரிகள் அகப்பையை நீட்டினார்கள்.

சேந்தி என்ற மீனவப் பெண் அரண்மனை வாசலில் போய் உட்கார்ந்தாள். அடித்தார்கள், எழவில்லை. சிறையில் வைத்தார்கள், வெளியே வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் அரசனே இறங்கி வந்தான். மூன்று ஆண்டுகளுக்கு விளக்கு வரி இல்லை என்றான்.

இரண்டாம் தீமை. அந்த ஆணைக்குள் மீனவரோடு கப்பல் வணிகரும் நுழைந்துகொண்டார்கள். மீனவனுக்கு மிச்சம் ஓர் அகப்பை. வணிகர் தலைவன் கொற்றஞ்சாத்தனுக்கு மிச்சம் பன்னிரண்டு குடம்.

மூன்றாம் தீமை. மூன்று ஆண்டுகள் முடிந்தன. புயலில் போனதைப் போல இரு மடங்கு சம்பாதித்துவிட்ட வணிகர்கள் இன்னும் மூன்று ஆண்டு கேட்டார்கள். அரசன் கொடுத்தான். விளக்குக்கு எண்ணெய் வாங்க உப்பளங்களைப் பக்கத்து நாட்டரசனிடம் அடகு வைத்தான். அடகு வைக்க உப்பளம் தீர்ந்தபோது, விளக்கில் எரிந்த மூன்று சுடர் இரண்டாயிற்று; இரண்டு ஒன்றாயிற்று. மழையில் அந்த ஒற்றைச் சுடர் தெரியாமல் ஒரு படகு மணல்திட்டில் மோதியது. இறந்த நால்வரும் மீனவர்.

மறுபடியும் மூன்று ஆண்டுகள் முடிந்தன. சலுகையை நீட்டுவதா, முடிய விடுவதா என்று கேட்க அரசன் சபையைக் கூட்டினான்.

"வரி திரும்ப வந்தால் கப்பல்கள் வேறு துறைக்குப் போய்விடும், அரசே" என்றான் கொற்றஞ்சாத்தன்.

"விளக்கு அணைந்தால் கடலுக்கு அடியில் போகும். வேறு துறையைவிட அதுதான் பக்கம்" என்றாள் சேந்தி.

மீனவர் சிரித்தார்கள். அவள் அடுத்துச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "சலுகை முடியட்டும். எனக்கும் முடியட்டும்."

அவள் தம்பி வேட்டன் எழுந்தான். "அக்கா, எங்களுக்காக அடி வாங்கியவள் நீ. இப்போது அகப்பையைத் தூக்கிக்கொண்டு வருபவளும் நீதானா? அரண்மனைச் சோறு ருசித்துவிட்டதோ?"

"படகு மோதிய இருட்டில் நாம் ஊற்றாத என் அகப்பையும் உன் அகப்பையும் இருந்தன, தம்பி."

"நம் அகப்பையா விளக்கை அணைத்தது? அந்தப் பன்னிரண்டு குடத்தைப் போய்க் கேள்."

"கேட்கத்தான் போகிறேன். என் அகப்பையை ஊற்றாமல் எந்த வாயால் கேட்பது?"

பிறகு அரசன் பக்கம் திரும்பினாள். "புயலில் விழுந்தவர்களுக்கு என்றுதானே கொடுத்தீர்கள்? இன்னும் எழாதவர் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் துறையில் எல்லார் பெயரையும் வாசியுங்கள். சரக்கு கொண்டுவரும் அயல்நாட்டுக் கப்பல் தலைவர்கள் மூவர் சாட்சியாக நிற்கட்டும். தம் பெயர் வந்ததும், 'நான் இன்னும் எழவில்லை' என்று ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்லி வாங்கிக்கொள்ளட்டும்."

கொற்றஞ்சாத்தனின் முகம் கறுத்தது. அயல்நாட்டார் அவனிடம் கடனாகச் சரக்கை ஒப்படைப்பது அவன் செல்வத்தை நம்பித்தான். எழவில்லை என்றால் சரக்கு போகும். எழுந்துவிட்டேன் என்றால் பன்னிரண்டு குடம் போகும். அரசனுக்கு அது விளங்கியது. அப்படியே ஆணையிட்டான்.

கப்பல்கள் வர ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் கிணற்றடியில் சேந்தியின் குடத்தைத் தூக்கிவிட யாரும் கை கொடுக்கவில்லை. கரைவலை இழுக்க யாரும் கூப்பிடவில்லை. அவள் வாசலில் யாரும் நின்று பேசவில்லை. தம்பி எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பினான். சிறையில்கூட அவளுக்குப் பக்கத்து அறையிலிருந்து ஓர் இருமல் கேட்கும். இங்கே அதுவும் இல்லை.

அந்த நாள் வந்தது. தன் பெயரை முதலில் வாசிக்கும்படி சேந்தியே கேட்டிருந்தாள். புயலில் உடைந்த படகை ஒட்டுப்போட்டே அவள் இன்னமும் ஓட்டிக்கொண்டிருந்தாள். எழவில்லை என்று அவள் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது.

"எழுந்துவிட்டேன்" என்று சொல்லி அகப்பை எண்ணெயை ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். மீனவர் அனைவரும் கடலைப் பார்த்து நின்றார்கள்.

அடுத்த பெயருக்கு முன் நீதியைச் சொல்லிவிடுகிறேன்; அந்தப் பெயரைக் கேட்ட பிறகு துறையில் யாரும் வேறெதையும் காதில் வாங்கவில்லை. கெட்ட காலத்துக்கென்று வாங்கிய சலுகையை நல்ல காலம் வந்த பின்னும் விடாதவன், ஊர் முழுவதற்குமான வெளிச்சத்தைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறான்.

கப்பல் தலைவர்கள் மூவரும் ஓரடி முன்னால் வந்து நின்றார்கள். ஓலை வாசிப்பவன் குரலை உயர்த்தினான்.

"பூதன் மகன் கொற்றஞ்சாத்தன்."