துரையின் மீன்குளத்தில் கிடைத்தவை

இங்கிலாந்தில் அந்தக் காலத்துப் பாதிரிமார் மடங்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் பக்கத்திலேயே மீன்குளம் இருக்குமாம். வெள்ளிக்கிழமை கறி ஆகாது, மீன் ஆகும். அந்தப் பழக்கம் விடாத துரை ஒருவர் ஏற்காட்டுப் பங்களாத் தோட்டத்திலும் ஒன்று வெட்டினார். துரை போனார், மீனும் போயிற்று, குளம் மண்மூடிக் கிடந்தது.

அதைத் தோண்டிப் பார்க்கத் தொல்லியல் அதிகாரி தேன்மொழி வந்தார். வேலைக்குக் கிடைத்தவர்கள் குப்பாண்டி, மாசிலாமணி, சடையன். ஆண்டவன் மூவருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் கொடுத்திருந்தான். அன்று அதை யார் கொண்டுவருவது என்பதில் ஏதோ குழப்பம்.

"குழிக்குள்ள எது கிடைச்சாலும் அதுல ஒரு அடையாளச் சீட்டுக் கட்டுங்க. நான் வர்ற வரைக்கும் அசைக்கக் கூடாது. அசைஞ்சா வரலாறே போச்சு!" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் சேலத்துக்குப் போனார்.

முதலில் மதகுக் கட்டை கிடைத்தது. சீட்டுக் கட்டினார்கள். அடுத்து ஒரு தவளை. அதற்கும் கட்டினார்கள். மூவரும் கரையேறிப் பீடி பற்றவைத்தபோது தவளை சீட்டோடு தாவியது.

"ஐயோ, வரலாறு போகுதே!" என்று பாய்ந்த சடையன், குழிக்குள் விழுந்து இடுப்புவரை சேற்றில் புதைந்தான்.

"கையைக் குடுங்கடா! இன்னைக்கு அக்கா புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேணும்டா!"

குப்பாண்டி கையை நீட்டினான். மாசிலாமணி தடுத்தான்.

"இவன் எங்க இருக்கான்?"

"குழிக்குள்ள."

"அப்ப கிடைச்ச பொருள்தானே?"

"நம்ம சடையன்டா!"

"அது மேல இருந்தப்ப."

குப்பாண்டிக்கு அது நியாயமாகப் பட்டது. சடையனுக்கே பட்டது. காலையிலிருந்து எல்லோரும் அதே குழிக்குள் ஏறி இறங்கியது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கயிற்றில் கட்டி இறக்கிய சீட்டை வாங்கி அவனே கழுத்தில் மாட்டிக்கொண்டு அழுதான்.

தம்பியைத் தேடி அக்கா பழனியம்மா, பிள்ளையோடும் ஆசாரியோடும் ஓடி வந்தாள். சேதியைக் கேட்டதும் அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. அவளும் அவனோடு பிறந்தவள்தானே!

"மடி அசையக் கூடாது, சரி. புள்ளை அசையலாமில்ல?" என்று ஆசாரியையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். நல்ல நேரம் முடிவதற்குள் சேற்றிலேயே காது குத்தியாயிற்று. சடையனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மேலிருந்து இன்னும் மூன்று சீட்டுகள் இறங்கின.

அந்த நேரத்தில் அதிகாரி திரும்பி வந்தார். "என்னய்யா இது!" என்று பதறி ஓடியவர், கால் வழுக்கிப் பழனியம்மா பக்கத்தில் விழுந்தார். அவருக்கும் சீட்டு இறங்கியது.

"யோவ், நான்தான்யா அதிகாரி! தூக்குங்கய்யா!"

குப்பாண்டி கைகூப்பினான். "கோவிச்சுக்காதீங்க. கிடைச்ச பொருள் பேச்சை நாங்க கேக்க முடியாது. மேடம் வரட்டும்."

வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "டேய், ஜீப் நிக்குது. மேடத்தைத்தான் காணோம்."

மாசிலாமணி கவலையோடு மண்வெட்டியை எடுத்தான். "வா, ஜீப்புக்குப் பக்கத்துல தோண்டிப் பார்ப்போம்."