வலது கன்னம்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு முப்பத்து நான்கு. ஞானத்துக்குத் தாடி வேண்டும் என்கிறவர்கள் ஏதாவது மலைக்குப் போகட்டும். இவர்கள் இருந்தது தேனி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில்.

குரு ரோஸ்லின் அங்கே மணப்பெண் அலங்காரம் சொல்லிக்கொடுத்தாள். கற்க வந்தவர்களில் கை நிதானம் உள்ளவள் தவமணி. யாருடைய பருத்தழும்பும் கருவளையமும் அவள் பிரஷ் பட்டால் இருந்த இடம் தெரியாது.

அவளுடைய இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை ஒரு மச்சம். பிறக்கும்போதே வந்தது. நாவல்பழத்தை நசுக்கி வைத்த நிறம். அதில் மட்டும் அவள் பிரஷ் வைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கேட்டாள்.

"டீச்சர், இதை மறைக்க முடியுமா?"

"முடியும். எதுக்கு?"

"சாயந்தரம் பொண்ணு பார்க்க வர்றாங்க."

"அவங்களுக்குத் தெரியாதா?"

தவமணி செல்போனை நீட்டினாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய படம். பட்டுப்புடவை, மல்லிகைச் சரம், எதையோ எதிர்பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிய முகம். வலது பக்கம் மட்டும்.

"தாலி ஏறுற வரைக்கும் தெரிய வேண்டாம்னு அண்ணி சொல்றாங்க. குடும்பம்னு ஆயிட்டா அப்புறம் யாரு முகத்தைப் பார்க்கிறாங்கன்னு..."

"உங்க அண்ணனும் பார்க்கிறதில்லையா?"

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"வர்றவங்கள்லாம் கேசரியைத் தின்னுட்டு எழுந்து போயிடறாங்க டீச்சர். ஒரு மாப்பிள்ளையோட அம்மா, விரல்ல எச்சில் தொட்டு என் கன்னத்தைத் தேய்ச்சே பார்த்தாங்க, போகுமான்னு. இதுவும் தட்டிப்போச்சுன்னா காலம் பூரா அண்ணி வீட்டுப் பாத்திரம்தான். சொல்லுங்க, மறைக்கிறது தப்பா?"

ரோஸ்லின் சுழல் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பினாள்.

"உட்காருங்கக்கா."

மச்சத்தின் மேல் முதலில் மஞ்சள் பசை. அதன் மேல் தோல் நிறப் பசை. தேய்க்காமல் ஒத்தி ஒத்தி வைத்தாள். காய விட்டாள். மறுபடி ஒத்தினாள். பவுடர் போட்டாள். கண்ணுக்கு மை தீட்டிப் பொட்டு வைத்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பினாள்.

இரண்டு கன்னமும் ஒன்றுபோல இருந்தன. தவமணிக்குக் கண் நிறைந்தது.

"அழாதீங்கக்கா. கரையும்."

"சந்தோஷத்துலதான் டீச்சர்."

"சந்தோஷத்துல அழுதாலும் கரையும்."

தவமணி அவசரமாகக் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"இனிமே சொல்றதைக் கவனமாக் கேளுங்க. தினம் காலைல அவர் எந்திரிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நீங்க எந்திரிக்கணும்."

"சரி டீச்சர்."

"மல்லாந்துதான் படுக்கணும். இடது பக்கம் திரும்பினா தலையணையில ஒட்டிடும்."

"சரி."

"சாதம் வடிக்கிறப்போ ஆவியில முகத்தைக் காட்டக் கூடாது. மழையில நனையக் கூடாது. அவர் கன்னத்தைத் தொட வந்தா..."

"வந்தா?"

"வலது பக்கம் காட்டுங்க. போட்டோவுல பழகினதுதானே."

தவமணி இதற்குச் சரி சொல்லவில்லை.

"பிள்ளை பிறந்தா, முத்தம் கொடுக்க அதுக்கும் வலது பக்கமே பழக்கிடுங்க."

"பிள்ளைக்கும் மச்சம் இருந்தா?"

"சின்ன பிரஷ்ஷா ஒண்ணு வாங்கிக்கலாம்."

கீழே கடையில் யாரோ செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். தவமணி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு டீச்சர்?"

"அவர் பார்க்க வர்றவ."

செல்போன் அடித்தது. அண்ணி. "அவங்க பெரியகுளம் தாண்டிட்டாங்களாம். இன்னும் என்னடி பண்றே? நல்லா அப்பிக்கிட்டியா? லைட்டை நான் பார்த்துக்கறேன், ட்யூப்லைட்டைப் போடாம விட்டுடறேன்."

"வர்றேன் அண்ணி."

தவமணி செல்போனை வைக்கும்முன் ரோஸ்லின் கேட்டாள். "மாப்பிள்ளை எப்படி இருப்பார்?"

தவமணி படத்தைக் காட்டினாள். கொடைக்கானல் ஏரி. கறுப்புக் கண்ணாடி. காது வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி.

"வேற படம் இல்லையா?"

"இன்னொண்ணு இருக்கு. அவர் தங்கச்சி கல்யாணத்துல எடுத்தது. அதுலயும் தொப்பி."

"கல்யாணம் எந்த ஊர்ல?"

"இங்கதான், தேனியில. சித்திரை மாசம்."

ரோஸ்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தத் தொப்பிக்கும் உங்க கன்னத்துக்கும் பத்துப் பொருத்தமும் இருக்குக்கா."

இந்தத் தடவை தவமணியால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த இடத்தில், இடது கன்னத்தில், மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. கோட்டுக்குள்ளே நாவல்பழ நிறம்.

ரோஸ்லின் பவுடர் பஞ்சோடு குனிந்தாள்.

"சொல்ல மறந்துட்டேன். சிரிக்கவும் கூடாது."

தவமணி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதை வைச்சிட்டு அந்தத் துடைக்கிற கிரீமைக் கொடுங்க டீச்சர்."

"நேரமாச்சுக்கா. அவங்க வந்துடுவாங்க."

"வரட்டும். கேசரி ஆறினாத் தின்ன மாட்டாங்களா என்ன?"

அவளே துடைத்தாள். ஒத்தி ஒத்தி இல்லை, அழுத்தித் தேய்த்து. பஞ்சு பஞ்சாகத் தோல் நிறம் வந்தது. தேய்த்த தேய்ப்பில் மச்சம் முன்னைவிடச் சிவந்து நின்றது. கண்ணருகே வந்ததும் கையை நிறுத்திக்கொண்டாள்.

"மை இருக்கட்டும். எனக்குப் பிடிக்கும்."

செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி வரை விறுவிறுவென்று போனாள். முதல் படியில் கால் நின்றது.

"டீச்சர், அவரும் எழுந்து போயிட்டார்னா?"

ரோஸ்லின் மேஜைமேல் கிடந்த அழுக்குப் பஞ்சுகளைக் கூட்டிப் பழைய செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டினாள். கொண்டுவந்து தவமணியின் கையில் வைத்தாள்.

"அவர் பார்க்க வந்தவ இதுல இருக்கா. கையோட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."