பொட்டு வைத்த சைக்கிள்

மடத்துக்கும் மின்சார ரயில் நிலையத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சுவரை ஒட்டிப் பழைய சைக்கிள் ஸ்டாண்டு. நடத்தியவர் மூடிவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பது சைக்கிள்கள் அங்கேயே நின்றுபோயின. சீட்டு கிழிந்து, காற்று இறங்கி, சக்கரத்துக்குள் கொடி ஏறிக் கிடந்தன.

மடத்தில் மதியக் கஞ்சி ஊற்றும் பொறுப்பு பூவராகனுடையது. தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர். குருவான அங்கயற்கண்ணி அம்மாவைவிட இருபது வயது மூத்தவர். அம்மாவைக் குருவாக ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, ஆறு வருஷமாக, மீனைக் கையால் தொட்டதில்லை.

அந்தச் சைக்கிள்களை என்ன செய்யலாம் என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டார். எத்தனையோ பேர் கால் கடுக்க நடக்கிறார்கள், சரிசெய்து கொடுத்தால் புண்ணியம்தானே என்றார்.

"யாரோடது அதெல்லாம்?"

"யாரோடதும் இல்லைங்கம்மா. ஆள் இல்லாத வண்டிங்க."

"ஆள் இல்லாமயா ஸ்டாண்டுக்கு வந்துச்சு?"

பூவராகன் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

ஒன்றைத் தேற்றிக் காட்டினால் அம்மாவின் மனசு மாறும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஆயுத பூஜையன்று ஓரத்தில் நின்ற பச்சை சைக்கிளை வெளியே இழுத்தார். துடைத்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார், காற்றடித்தார். பூட்டை மட்டும் உடைக்க மனம் வரவில்லை. பூஜைச் சந்தனத்தில் கொஞ்சம் எடுத்து வந்து ஹேண்டில்பாரில் பொட்டு வைத்தார், குங்குமமும் வைத்தார். ஒரு முழம் சாமந்தியைச் சுற்றிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒரு பெண் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பேர் தேசம்மா, பின்னால் இருக்கும் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறவள். மகன் லோகு இரண்டு வருஷத்துக்கு முன் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு ரயில் ஏறியவன். திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவள் வந்து சைக்கிளைப் பார்த்துவிட்டுப் போவாளாம்.

"லோகு வந்தானா? நீ பாத்தியாப்பா?"

பூவராகன் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது.

"சொல்லாதேன்னு சொல்லிட்டானா?" அவளே சொல்லிக்கொண்டாள். "சரி, சொல்லாத. வெக்கப்படுறான். வூட்டுக்கு வர்றப்போ வரட்டும்."

மதியம் ஹேண்டில்பாரில் ஒரு டிபன் பாக்ஸ் தொங்கியது. தான் நின்றால் பிள்ளை வரமாட்டான் என்று மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து எடுப்பாள். சாப்பாடு அப்படியே இருந்தால் அவள் என்ன ஆவாள்? கீழே கொட்டவும் கை வரவில்லை. சங்கரா மீன் குழம்பு. பூவராகன் சுவர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். பாக்ஸைக் கழுவாமல், இருந்தபடியே மாட்டினார்.

இரண்டாம் நாளும் சாப்பிட்டார். மூன்றாம் நாளும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தேசம்மா பாக்ஸைத் திறந்து அவரிடமே காட்டினாள்.

"முள்ளைப் பாரேன், எப்படி ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கான். சின்னப் புள்ளையிலயே அப்படித்தான் துன்னுவான்."

அன்றைக்கே ரயில்வேக்காரர்கள் சுவரில் நோட்டீசும் ஒட்டினார்கள். கேட்பாரில்லாத சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போக மறுநாள் லாரி வருகிறது.

பூவராகன் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தார். பொட்டு வைத்ததிலிருந்து முள் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"குழம்பு ருசியா இருந்துச்சா?"

பூவராகன் தலையைக் குனிந்துகொண்டார். "இருந்துச்சுங்கம்மா."

அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்து மறுபடி பொறுக்கத் தொடங்கினார்.

"நாளைக்கு லாரி வந்தா சைக்கிள் போயிடும்" என்றார் பூவராகன். "மகன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான்னு நினைச்சுக்குவாங்க. சந்தோஷமா இருக்கட்டுமே. அப்படியே விட்டுடலாங்களா?"

"நாளைக்கு மதியம் டிபன் பாக்ஸை எங்க மாட்டுவாங்க?"

ரயில் ஒன்று வந்து நின்று, போனது. பூவராகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போய்ச் சொல்லுங்க. லாரி வர்றதையும் சொல்லுங்க. வண்டி அவங்களோடது."

"என்னன்னு சொல்லுவேன்? உம் புள்ள வரலம்மா, வரவும் மாட்டான்னா? அந்தப் பேச்சு என் வாயில வராதுங்கம்மா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"அவன் வருவான், வரமாட்டான்னு சொல்ல நீங்க யாரு? சாப்பிட்டது நான்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."